கெடு தாண்டிய பிறகு: ஒப்பந்தக் கடமை முடிவதும் முறிவதும்

சென்னை உயர் நீதிமன்றத்தின் 1898-ஆம் ஆண்டுத் தீர்ப்புகளில் ஒரு தையல்காரரின் வழக்கு இருக்கிறது. திருவிழா நடக்கப்போகும் ஊரில் கடை விரித்தால் நாலு காசு கூடுதலாகப் பார்க்கலாம் என்று நம்பி, தன் தையல் இயந்திரத்தையும் துணிக்கட்டையும் மதராஸ் ரயில்வே கம்பெனியிடம் ஒப்படைத்தார். கம்பெனி ஆட்களின் கவனக்குறைவால் சரக்கு போய்ச் சேரத் தாமதமானது. திருவிழா முடிந்து சில நாள் கழித்துத்தான் மெஷின் கைக்கு வந்தது. போக்குவரத்துச் செலவையும், விழாவில் கிடைத்திருக்க வேண்டிய லாபத்தையும் கேட்டு அவர் வழக்குப் போட்டார். இரண்டும் கிடைக்கவில்லை. இந்த மெஷின் திருவிழா வியாபாரத்துக்குப் போகிறது, இன்ன தேதிக்குள் சேர வேண்டும் என்பதைச் சரக்கை ஒப்படைக்கும்போது அவர் கம்பெனியிடம் சொல்லவில்லை என்பதே காரணம்.

ரயில்வே தவறு செய்தது. அதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் தவறியவர், தவறால் விளைந்த அத்தனைக்கும் ஈடு கட்டத் தேவையில்லை. 1872 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு இரண்டு வகை நஷ்டத்துக்குத்தான் ஈடு தருகிறது. முறிவிலிருந்து இயல்பாக விளையும் நஷ்டம் ஒன்று. முறிந்தால் இப்படி ஆகும் என்று ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்பும் அறிந்திருந்த நஷ்டம் மற்றொன்று. தூரத்து நஷ்டமும் சுற்றிவளைத்து வரும் நஷ்டமும் கணக்கில் வராது. இங்கிலாந்தில் ஒரு மாவு மில்லின் உடைந்த சுழல்தண்டைக் கொண்டுபோன வண்டிக் கம்பெனி தாமதம் செய்த 1854-ஆம் ஆண்டு வழக்கில் பிறந்த விதி இது.

வாக்குத் தவறியவன் மேல் நமக்கு வரும் கோபம் நியாயமானது. அவனுக்கு ஒரு பாடம் புகட்ட வேண்டும் என்றுதான் பலர் வக்கீல் வீட்டுப் படியேறுகிறார்கள். ஒப்பந்தச் சட்டம் அந்தக் கோபத்துக்கு வடிகாலாக எழுதப்பட்டதல்ல. உனக்கு என்ன நஷ்டம், அதைக் குறைக்க நீ என்ன செய்தாய், உன் பங்கை நிறைவேற்ற நீ தயாராக இருந்தாயா என்ற மூன்று கேள்விகளை அது கேட்கிறது. மூன்றும் வஞ்சிக்கப்பட்டவரை நோக்கிய கேள்விகள். ஒப்பந்தம் முடிவதையும் முறிவதையும் பற்றிய சட்டம் முழுவதையும் பார்த்தால், வாயைத் திறந்தவருக்கும் அசைந்து கொடுத்தவருக்கும் அது துணை நிற்பதும், பேசாமல் காத்திருந்தவரைக் கைவிடுவதும் தெரியும். இதைத் தெரிந்துகொள்ளாமல் போவதால் நம் மக்கள் இழக்கும் பணம் கொஞ்சமல்ல.

கடமை முடிவதற்கு நேர்வழி, சொன்னதைச் செய்து முடிப்பது. இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. செய்ய முன்வந்தும் எதிர்த்தரப்பு வாங்க மறுத்தால்தான் சிக்கல். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுக்கிறார்; மூன்று மாதம் கழித்து, வாடகை பாக்கி என்று காலி செய்யச் சொல்ல அதுவே சாக்காகும். விவரம் தெரிந்த குடித்தனக்காரர் அந்தந்த மாதமே மணியார்டர் அனுப்பி, திரும்பி வந்த ரசீதைப் பத்திரப்படுத்துவார். 38-ஆம் பிரிவின் கருத்து அதுதான். முறையாகக் கொடுக்க முன்வந்தவர் தவறியவர் ஆகமாட்டார். அவருடைய உரிமையும் போகாது. கொடுக்க வேண்டிய கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்வது இன்னொரு வழி. 62-ஆம் பிரிவின்படி பழைய ஒப்பந்தத்துக்குப் பதில் புதியது போடலாம், மாற்றலாம், கைவிடலாம். அடுத்த பிரிவான 63-இல் நம் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்தை விட்டுத் துணிந்து விலகுகிறது. அங்கே நூறு பவுண்டு கடனுக்கு எண்பதை வாங்கிக்கொண்டு, போதும் என்று சொன்னாலும், அந்தச் சலுகைக்குக் கைமாறு எதுவும் இல்லாவிட்டால் மிச்சம் இருபதைப் பின்னால் கேட்கலாம். இங்கே கேட்க முடியாது. பேரார் இளவரசருக்கு நகை விற்ற வணிகர்களின் வழக்கு இதற்கு நல்ல சாட்சி. அவர்களுக்கு வரவேண்டியது 27 லட்ச ரூபாய்க்கு மேல். ஐதராபாத்தில் இளவரசரின் கடன்களைத் தீர்க்க அமைந்த குழு 20 லட்சம் தருவதாகச் சொன்னது. முழுத் தீர்வாக அதைப் பெற்றுக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டு, மீதிக்கு வழக்குத் தொடுத்தார்கள். 63-ஆம் பிரிவைக் காட்டி உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ‘முழுப் பணமும் வந்து சேர்ந்தது’ என்ற ஒரு வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுமுன் இந்த வழக்கை நினைத்துக்கொள்வது நல்லது.

நிறைவேற்றவே முடியாமல் போவது மூன்றாவது வழி. 56-ஆம் பிரிவு. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் வைகாசி முகூர்த்தத்துக்குக் கல்யாண மண்டபம் பேசி அட்வான்ஸ் கட்டியிருந்தன. மண்டபத்தைத் திறக்கவே அனுமதியில்லை. ரசீதின் அடியிலோ, எக்காரணம் கொண்டும் முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று அச்சிட்டிருந்தது. அதைப் படித்துவிட்டுப் பலர் பேசாமல் திரும்பினார்கள். சட்டத்தின் 65-ஆம் பிரிவு சொல்வது வேறு: ஒப்பந்தம் செல்லாமல் போனால், அதன்கீழ் ஆதாயம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும், அல்லது அதற்கு ஈடு செய்ய வேண்டும். மண்டபக்காரர் தவறு எதுவும் செய்யவில்லை. ஆனால் நடக்காத கல்யாணத்துக்கு வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமையில்லை என்றே நான் இந்தப் பிரிவைப் படிக்கிறேன். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா 1902-இல் தள்ளிப்போனபோது, ஊர்வலம் பார்க்க ஜன்னலோர அறைகளை வாடகைக்குப் பேசியவர்களின் வழக்குகள் இங்கிலாந்து நீதிமன்றங்களில் குவிந்தன. கட்டிய பணம் கட்டியதுதான், நஷ்டம் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று அன்றைய நீதிபதிகள் சொன்னார்கள். அந்த நிலை மாற அங்கே 1942 வரை ஆனது. நமக்கு 1872-லேயே 65-ஆம் பிரிவு இருந்தது.

ஆனால் முடியாமல் போவது வேறு, கஷ்டமாகிவிடுவது வேறு. 1940-இல் கல்கத்தாவில் குளக்கரைப் பகுதியில் மனை போட்டு விற்ற ஒரு கம்பெனியிடம் 101 ரூபாய் அச்சாரம் கொடுத்து ஒருவர் மனை பேசினார். சாலையும் வடிகாலும் அமைத்துத் தருவது கம்பெனியின் பொறுப்பு. போர்க்காலம்; மறு ஆண்டே நிலத்தை அரசு கைவசப்படுத்தியது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றது கம்பெனி. உச்ச நீதிமன்ற நீதிபதி பி.கே. முகர்ஜி எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. வேலை முடியக் காலக்கெடு குறித்திருக்கவில்லை. போர் நடக்கிறது என்று தெரிந்தேதான் இருவரும் கையெழுத்திட்டார்கள். தாமதம் ஒப்பந்தத்தின் அடித்தளத்தை உடைத்துவிடவில்லை. முடியாமை என்பதை அகராதிப் பொருளில் கொள்ளாமல், இரு தரப்பும் எதற்காகச் சேர்ந்தார்களோ அந்த நோக்கமே சிதைந்ததா என்று பார்க்க வேண்டும் என்ற இன்றைய அளவுகோல் இந்த வழக்கில்தான் உறுதியானது.

விலை ஏறிவிட்டது என்பது இந்த அளவுகோலில் நிற்கவே நிற்காது. இந்தோனேசிய நிலக்கரியின் விலை கூடியதால் பேசிய கட்டணத்துக்கு மின்சாரம் தர இயலாது என்று வாதிட்ட பெரிய மின் உற்பத்திக் கம்பெனிகளின் வாதத்தை 2017-இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. சிமென்ட் விலை ஏறியது, கம்பி விலை ஏறியது என்று நடுவில் கை விரிக்கும் காண்டிராக்டருக்கும் இதே பதில்தான். கடை வாடகைக்கும் 56-ஆம் பிரிவு கைகொடுக்காது. குத்தகை கையெழுத்தானதும் சொத்தில் உரிமை கைமாறிவிடுகிறது. அதற்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று தேசப் பிரிவினைக் கால விளைநிலக் குத்தகை ஒன்றில் 1968-இல் முடிவானது. கொரோனா காலத்தில் வாடகைத் தள்ளுபடி கேட்ட கடைக்காரர்களுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் அதையே சொல்லி மறுத்தது. நெஞ்சுக்கு உறுத்தலான முடிவு. என்றாலும் ஒப்பந்தத்திலேயே பேரிடர் பற்றி ஒரு விதி எழுதிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. எழுதியிருந்தால் அந்த விதிதான் பேசும்.

சாவு எல்லா ஒப்பந்தத்தையும் முடிப்பதில்லை. அப்பா வாங்கிய கடன் அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குப் பிள்ளைகளைத் தொடரும். ஓவியர் இறந்தால் படம் வரையும் கடமை மகனுக்கு வராது.

இனி முறிவு. 39-ஆம் பிரிவை விளக்க சட்டமே ஒரு பாடகியின் கதையைச் சொல்கிறது. இரண்டு மாதம், வாரத்துக்கு இரண்டு இரவு பாடுவதாக நாடகக் கொட்டகை மேலாளரிடம் ஒப்புக்கொள்கிறாள். ஓர் இரவுக்கு நூறு ரூபாய். ஆறாம் இரவு வேண்டுமென்றே வரவில்லை. மேலாளர் அங்கேயே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஏழாம் இரவு அவள் வந்து நிற்கிறாள்; அவர் மேடை ஏற விடுகிறார். அத்துடன் முறித்துக்கொள்ளும் உரிமை போய்விட்டது. ஆறாம் இரவின் நஷ்டத்தை மட்டுமே கேட்கலாம். இன்னொரு பிரிவில் இதே பாடகி மறுபடி வருகிறாள்: மேலாளர் ஆறாம் இரவோடு முறித்துக்கொண்டாலும், அவள் பாடிய ஐந்து இரவுக்கான கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஏழாம் இரவைத் தாண்டிவிட்டுக் கையைப் பிசைவதுதான் நம்மூரில் நடக்கும் பெரும்பாலான சிக்கல். கிரகப்பிரவேசத்துக்கு முன் வீட்டை முடிப்பதாகச் சொன்ன மேஸ்திரி நாலு மாதம் கழித்து முடிக்கிறார். சாவியை வாங்கிக்கொள்ளும்போது வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லை. கடைசித் தவணை கேட்கும்போதுதான் தாமதத்தை எடுக்கிறார். காலமே முக்கியம் என்று பேசிய ஒப்பந்தத்தில், தாமதமாக முடிந்த வேலையை ஏற்கும்போதே ‘நஷ்டஈடு கேட்பேன்’ என்று அறிவிக்காவிட்டால் பின்னால் கேட்க முடியாது என்கிறது 55-ஆம் பிரிவு. ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கினால் போதும்.

முறிவுக்குக் கெடு வரும்வரை காத்திருக்கத் தேவையுமில்லை. செய்யமாட்டேன் என்று எதிர்த்தரப்பு முன்கூட்டியே சொல்லிவிட்டால் அன்றே வழக்குத் தொடுக்கலாம்.

நஷ்டஈட்டுக்கு வருவோம். விற்கிறேன் என்றவர் சரக்கு தரவில்லை என்றால், பேசிய விலைக்கும் முறிந்த நாளின் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் ஈடு. கேட்கும்போது இது எளிதாகத் தெரியும். நிரூபிக்கும் இடத்தில்தான் வழக்குகள் சறுக்குகின்றன. கான்பூரில் ரயிலேற்றித் தருவதாகப் பேசிய கித்தான் துணி வரவில்லை என்று வழக்காடிய ஒருவர், கல்கத்தா விலைக்குச் சாட்சி கொண்டுவந்தார். சரக்கு கான்பூரில் கைமாற வேண்டியது. அன்று கான்பூரில் என்ன விலை என்பதற்கு ஆதாரம் இல்லை. முறிவு உண்மை என்று ஏற்ற உச்ச நீதிமன்றம் 1962-இல் நஷ்டஈட்டை மறுத்தது. கிடைக்கும் வழியில் நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ளும் பொறுப்பும் வாதிக்கு உண்டு. சரக்கு வராத அன்றே பக்கத்துக் கடையில் வாங்கியிருக்கலாம் என்றால், விலை இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்த மாதங்களின் ஏற்றத்தை எதிராளி தலையில் கட்ட முடியாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது 74-ஆம் பிரிவை நாம் அறியாமல் இருப்பது. பத்திர எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் வாசகம் ஒன்று உண்டு: கெடுவுக்குள் கிரயம் முடிக்காவிட்டால் கொடுத்த முன்பணம் முழுவதையும் இழக்க வேண்டியது. எழுதியாகிவிட்டது, கையெழுத்தும் போட்டாகிவிட்டது, இனிப் பேச்சில்லை என்று இருவருமே நம்புகிறார்கள். எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமான ஈடு எதுவோ அதுதான் கிடைக்கும் என்பது 74-ஆம் பிரிவு. மிரட்டலுக்காக எழுதிய தண்டத் தொகைக்கும் இதே கதிதான்.

டெல்லியில் 1949-இல் 1,12,500 ரூபாய்க்குப் பேசிய ஒரு பங்களா. வாங்குபவர் அச்சாரமாக 1,000 கொடுத்தார். பிறகு 24,000 கொடுத்து வீட்டில் குடியேறினார். கிரயம் நடக்கவில்லை. விற்றவர் 25,000-ஐயும் எடுத்துக்கொள்ளப் பார்த்தார். உச்ச நீதிமன்றம் 1963-இல் ஆயிரத்தை மட்டும் விட்டுக்கொடுத்தது. 24,000-ஐப் பறிக்க, அந்த அளவு நஷ்டம் ஏற்பட்டது என்று காட்ட வேண்டும், காட்டவில்லை. அச்சாரம் வேறு, விலையின் ஒரு பகுதியாகக் கொடுத்த முன்பணம் வேறு. நான் வாங்கத்தான் போகிறேன் என்ற உறுதிக்காக வைப்பது அச்சாரம். அதன் பின் கொடுப்பதெல்லாம் விலை. இரண்டையும் அட்வான்ஸ் என்ற ஒரே சொல்லில் கட்டி வைத்திருப்பதால் வாங்குபவர்கள் நிறைய இழக்கிறார்கள்.

அச்சாரத்துக்கும் எல்லை உண்டு என்று 2015-இல் தெளிவானது. டெல்லி வளர்ச்சிக் குழுமம் 1982-இல் ஏலம் விட்ட ஒரு மனையை 3.12 கோடிக்கு எடுத்த கம்பெனி 78 லட்சம் அச்சாரம் கட்டியது. பின்னர் குழுமம் ஏலத்தை ரத்து செய்து அந்த 78 லட்சத்தையும் வைத்துக்கொண்டது. அதே மனையை 1994-இல் 11.78 கோடிக்கு விற்றது. கம்பெனி தவறவேயில்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: முறிவே நடந்திருந்தாலும், இத்தனை லாபம் பார்த்தவர் நஷ்டஈடு என்ற பெயரில் எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. நஷ்டத்தை அளவிட முடியாத வழக்குகளில் எழுதிய தொகை நியாயமாக இருந்தால் அப்படியே கிடைக்கலாம். ஆனால் நஷ்டமே இல்லாத இடத்தில் ஈடும் இல்லை.

பணம் வேண்டாம், பேசிய வீட்டையே தா என்று கேட்பது ‘ஏற்றதை ஆற்றுக’ என்ற பரிகாரம். 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் இதை ஆள்கிறது. முன்பு இதைக் கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்புரிமை. 2018 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதைச் சுருக்கி, சட்டம் விலக்கியவை தவிர மற்ற ஒப்பந்தங்களை நிறைவேற்ற உத்தரவிட்டே ஆக வேண்டும் என்றது. அதே திருத்தம் இன்னொரு நல்ல காரியமும் செய்தது. சென்ட்ரிங் அடித்த நிலையில் மேஸ்திரி கைவிட்டுப் போனால், எழுத்தில் 30 நாளாவது அவகாசம் கொடுத்து, அதன் பின் வேறு ஆளை வைத்து முடித்து, செலவைப் பழைய ஆளிடம் வசூலிக்கலாம். ஆனால் அதன் பிறகு அவரையே வந்து செய்யச் சொல்லி வழக்காட முடியாது.

வீட்டையே கேட்பவர் முதலிலிருந்து கடைசிவரை தன் பங்கைச் செய்யத் தயாராகவும் மனமிசைந்தும் இருந்ததை நிரூபிக்க வேண்டும். திருத்தத்துக்குப் பிறகும் இந்த நிபந்தனை நிற்கிறது. மதுரையில் ஒரு வீடு. 1978 டிசம்பர் 15 அன்று 60,000 ரூபாய்க்கு ஒப்பந்தம், 5,000 அட்வான்ஸ், ஆறு மாதக் கெடு. முத்திரைத்தாள் வாங்கி வருவது வாங்குபவர் பொறுப்பு. அவர் வாங்கவில்லை, மீதிப் பணத்தோடும் வரவில்லை. ஒரு கடிதம்கூட இல்லை. 1981 ஜூலையில் நோட்டீஸ் அனுப்பினார். இரண்டரை ஆண்டுக்குள் மதுரையில் வீட்டு விலை ஏறிவிட்டிருந்தது. வழக்குத் தொடுக்க மூன்று ஆண்டு அவகாசம் இருப்பதால் கெடுவுக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது. நகரத்துச் சொத்தின் விலை வேகமாக ஏறும் காலத்தில், அசையாச் சொத்து ஒப்பந்தத்தில் காலம் முக்கியமல்ல என்ற பழைய விதியை அப்படியே பிடித்துக்கொள்ள முடியாது என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு வீட்டை மறுத்தது. தீர்ப்பு சரி என்பதே என் கருத்து. ஐயாயிரத்தை ஓரமாகப் போட்டுவிட்டு, விலை ஏறினால் வாங்குவது, இறங்கினால் விடுவது என்று இருப்பது சூதாட்டம்; விற்பவர் அதுவரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை.

ஆளையே கட்டாயப்படுத்திப் பாடவைக்கவோ நடிக்கவைக்கவோ எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. வேறு இடத்தில் பாடமாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருந்தால், அங்கே போகாதே என்று தடை மட்டும் போடும்.

அடுக்குமாடி வீடு வாங்குபவருக்கு இவை தவிரத் தனிக் காப்பும் உண்டு. சொன்ன தேதியில் வீடு தராவிட்டால், விலகிக்கொண்டு கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம், அல்லது விலகாமலேயே தாமதத்துக்கு மாதாமாதம் வட்டி கேட்கலாம் என்கிறது 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. வாங்குபவர் தவணை தவறினால் 18 சதவீதம், கட்டுநர் தவறினால் 9 சதவீதம் என்று எழுதிய ஒருதலை ஒப்பந்தம் வாங்குபவரைக் கட்டாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

கிரய ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. தமிழ்நாடு கொண்டுவந்த 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தையும் ஏற்றதை ஆற்றுக என்ற வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் பதியாததை வில்லங்கச் சான்று காட்டாது. இடையில் அந்த வீட்டை வாங்க வரும் மூன்றாம் ஆள், எனக்குத் தெரியாது என்று சொல்ல இடம் கிடைக்கும். ஒப்பந்தத்தில் கெடு தேதி இருந்தால் அன்றிலிருந்து மூன்று ஆண்டு, இல்லாவிட்டால் மறுத்தது தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. அதற்குள் வழக்கு நீதிமன்றம் ஏறியிருக்க வேண்டும். வாங்குபவர் காரணமில்லாமல் பின்வாங்கியிருந்தாலன்றி, கொடுத்த விலைப்பணத்துக்கு அந்தச் சொத்தின் மேலேயே அவருக்குப் பற்றுரிமை உண்டு.

வக்கீல் பிராதைக் கையெழுத்துக்கு நீட்டும்போது ஒரு வரி இருக்கிறதா என்று அவசியம் பார்க்க வேண்டும்: கிரயம் செய்துதர உத்தரவிட முடியாதென்றால் முன்பணத்தையாவது திருப்பித் தர உத்தரவிட வேண்டும் என்ற மாற்றுப் பரிகாரம். குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி, கேட்காத முன்பணத்தை நீதிமன்றம் தானாக வாங்கித் தராது. விட்டுப்போயிருந்தால் வழக்கின் எந்தக் கட்டத்திலும் பிராதைத் திருத்தி அந்த வரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.